பாடாமலே பரிசு வாங்கிய பாடகர்கள்! முதல் ரிக்கார்டிலேயே உலகத்தை ஏமாற்றிய "மில்லி வனில்லி" கதை

ஒரே ஒரு பாட்டு. அந்தப் பாட்டு இரண்டு ஏழை வாலிபர்களைத் தூக்கிக் கோபுரத்தில் வைத்தது. இரண்டே வருஷத்தில் அதே கோபுரத்தில் இருந்து தலைகுப்புறத் தள்ளியது. ஒருவர் 33 வயதிலேயே ஓட்டல் அறையில் பிணமாகக் கிடந்தார். இன்னொருவர் இன்னும் மேடையில் பாடிக்கொண்டு இருக்கிறார்.

பாட்டின் பெயர் "கேர்ள் யூ நோ இட்ஸ் ட்ரூ". "பெண்ணே, இது உண்மை என்று உனக்கே தெரியும்" என்று அர்த்தம்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ரிக்கார்டில் உண்மை என்பது மருந்துக்குக்கூட இல்லை. அட்டையில் முகம் காட்டியவர்கள் பாடவில்லை. பாடியவர்கள் முகம் அட்டையில் இல்லை. பாட்டு வேறு ஊர்க்காரர்களுடையது. பின்னால் அடிக்கும் மேளம்கூட இரவல்!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

சமையல்காரர் போட்ட திட்டம்

மேற்கு ஜெர்மனியில் பிராங்க் பேரியன் என்று ஒரு இசைத் தயாரிப்பாளர் இருந்தார். இயற்பெயர் பிரான்ஸ் ராய்ட்டர். 1941-ல் பிறந்தவர். முதலில் சமையல் வேலை கற்றுக்கொண்டவர். பிறகு பாட்டுக்கு வந்தார்.

"போனி எம்" கோஷ்டியைத் தெரியாதவர் உண்டா? 1970-களின் கடைசியில் நம் ஊரில் டேப் ரிக்கார்டர் வைத்திருந்த வீட்டுக்காரர்களைக் கேட்டால் "டாடி கூல்", "ரஸ்புடின்" என்று ஒப்பிப்பார்கள். அந்தக் கோஷ்டியை உருவாக்கியவரும் இதே பேரியன்தான்.

அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. மேடையில் குதித்துக் குதித்து ஆடினாரே பாபி பேரல், அவர் வாயை மட்டும் அசைத்தார். ரிக்கார்டில் கேட்ட கரகரப்பான ஆண் குரல் பேரியனுடையது! கோஷ்டியில் இருந்த 4 பேரில் இரண்டு பெண்கள்தான் உண்மையில் ரிக்கார்டில் பாடியவர்கள். இது அப்போதே அரசல்புரசலாக வெளியே தெரிந்தும் யாரும் பெரிதாகச் சண்டைக்கு வரவில்லை. ரிக்கார்டு விற்றது. பணம் கொட்டியது.

ஒரு தடவை தப்பித்தவன் சும்மா இருப்பானா?

பால்டிமோர் பாட்டு

1987-ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தைச் சேர்ந்த "நியூமார்க்ஸ்" என்ற சின்னக் கோஷ்டி ஒரு ரிக்கார்டு வெளியிட்டது. அதுதான் "கேர்ள் யூ நோ இட்ஸ் ட்ரூ". உள்ளூரில் ஓடியது. அமெரிக்காவில் பெரிய அளவில் எடுபடவில்லை. ஆனால் கடல் தாண்டி ஜெர்மனியில் நடன கிளப்புகளில் இந்த ரிக்கார்டைப் போட ஆரம்பித்தார்கள்.

பேரியன் காதில் அது விழுந்தது. "இது ஓடும்" என்று அவர் மூக்கு சொன்னது. தன்னுடைய ஸ்டூடியோவில் அதே பாட்டைப் புதிதாக, பளபளப்பாகப் பதிவு செய்தார்.

பாடுவதற்கு ஆட்களைப் பிடித்தார். சார்லஸ் ஷா, ஜான் டேவிஸ், பிராட் ஹோவெல். மூன்று பேரும் அமெரிக்கக் கறுப்பர்கள். ஷாவும் டேவிசும் அமெரிக்க ராணுவ வேலையாக ஜெர்மனிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர்கள். படபடவென்று தாளத்துக்குப் பேசுகிற "ராப்" பகுதியைப் பேசியவர் ஷா. பின்னணியில் ஜோடி ரோக்கோ, லிண்டா ரோக்கோ என்ற சகோதரிகள் குரல் கொடுத்தார்கள்.

மேளம்? அது 1974-ல் வாஷிங்டன் நகரத்து "சோல் சர்ச்சர்ஸ்" கோஷ்டி வாசித்த ஒரு பாட்டில் இருந்து வெட்டி எடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டது. அந்தக் காலத்தில் பல ரிக்கார்டுகளில் இந்த வேலை நடந்தது. அதைத் தப்பென்று சொல்ல முடியாது.

ஆக, பாட்டு தயார். குரல் தயார். ஒன்றே ஒன்றுதான் பாக்கி - டெலிவிஷனில் காட்ட முகம் வேண்டும். பாடியவர்கள் வயதானவர்கள், பார்க்க எடுப்பாக இல்லை என்பது பேரியனின் கணக்கு.

வலையில் விழுந்த வாலிபர்கள்

மியூனிக் நகரத்தில் ராப் பிலேட்டஸ், பேப் மோர்வன் என்று இரண்டு வாலிபர்கள். நடனம் ஆடுவதும், மாடலாக நிற்பதும் தொழில்.

பிலேட்டசின் அப்பா அமெரிக்கக் கறுப்பின ராணுவ வீரர். அம்மா ஜெர்மனிக்காரி. குழந்தையாக இருக்கும்போதே அனாதை விடுதி. பிறகு ஒரு ஜெர்மன் குடும்பம் எடுத்து வளர்த்தது. மோர்வன் பாரீசில் பிறந்தவர். பெற்றோர் குவாதலூப் தீவில் இருந்து வந்தவர்கள். இரண்டு பேருக்கும் நல்ல உயரம், கட்டு மஸ்தான உடம்பு. தோளுக்குக் கீழே தொங்கும் மெல்லிய சடைகள். நடந்து போனால் தெருவே திரும்பிப் பார்க்கும். கையில் மட்டும் காசு இல்லை.

1988 தொடக்கத்தில் பேரியன் கூப்பிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். கொஞ்சம் முன்பணமும் கொடுத்தார். இவர்கள் அதைத் துணிமணிக்கும் தலைமுடிக்கும் செலவழித்துவிட்டார்கள்.

பிறகு நடந்தது பற்றி அந்த வாலிபர்கள் பின்னாளில் சொன்னது இது:- "நாங்கள் பாடத்தான் போகிறோம் என்று நினைத்தோம். பாட்டு ஏற்கனவே பதிவாகிவிட்டது, வாயசைத்தால் போதும் என்றார். மாட்டோம் என்றால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடு என்றார். எங்களிடம் பணம் இல்லை. ஒரு பாட்டுக்குத்தானே என்று ஒப்புக்கொண்டோம்."

ஒரு பாட்டுக்குத்தானே! கந்து வட்டிக்காரனிடம் முதல் கையெழுத்துப் போடுகிறவனும் இதைத்தான் நினைக்கிறான்.

பிய்த்துக்கொண்டு போனது

ரிக்கார்டு 1988-ல் வெளியானது. ஜெர்மனியில் முதல் இடம். இங்கிலாந்தில் 3-வது இடம். அங்கே இருந்து அமெரிக்காவுக்குத் தாவியது. 1989 ஏப்ரலில் அமெரிக்கப் பட்டியலில் 2-வது இடம். முதல் ரிக்கார்டுக்கே இந்த மரியாதை!

அமெரிக்காவில் அரிஸ்டா கம்பெனி அதே பெயரில் ஒரு முழு ஆல்பத்தை வெளியிட்டது. இங்கே ஒரு முக்கியமான சங்கதி. அமெரிக்காவில் விற்ற அந்த ஆல்பத்தின் அட்டையில், பாடியவர்கள் என்று ராப், பேப் பெயர்களையே அச்சடித்துவிட்டார்கள். ஆட்டம் ஆடுவது வேறு, அச்சில் பொய் சொல்லிக் காசு வாங்குவது வேறு. பின்னால் கோர்ட்டில் கழுத்தைப் பிடித்தது இதுதான்.

நம் ஊர் வாசகர்கள் கேட்கலாம், "எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் டி.எம்.சவுந்தரராஜன் பாடினாரே, அது மோசடியா?" என்று. நியாயமான கேள்வி. ஆனால் இசைத்தட்டின் நடுவில் வட்டமாக ஒட்டியிருக்கும் காகிதத்தில் டி.எம்.எஸ். பெயர்தானே இருந்தது? சிலோன் ரேடியோவில் அறிவிப்பாளர் வாய் நிறைய அவர் பெயரைச் சொல்லித்தானே பாட்டுப் போட்டார்? டி.எம்.எஸ்.சுக்கு தனிக் கச்சேரி, தனி ரசிகர் கூட்டம். சார்லஸ் ஷாவுக்கு என்ன கிடைத்தது? ஸ்டூடியோ கூலி.

ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 60 லட்சத்துக்கு மேல் விற்றது. அதில் இருந்து மேலும் 3 பாட்டுகள் அமெரிக்கப் பட்டியலில் முதல் இடத்தைப் பிடித்தன. ஒரே வருஷத்தில்! பெண்கள் கூட்டம் மொய்த்தது. மாளிகை, கார், விருந்து, போதை மருந்து - ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

மாட்டிக்கொண்ட டேப்

1989 ஜூலை மாதம். கனெக்டிகட் மாநிலம் பிரிஸ்டல் நகரத்தில் "லேக் காம்பவுன்ஸ்" என்ற பொழுதுபோக்குப் பூங்கா. எம்.டி.வி. ஏற்பாடு செய்த நிகழ்ச்சி. திரண்ட கூட்டம். மேடையில் ராப், பேப் இருவரும் கையில் மைக்கோடு துள்ளிக் குதிக்கிறார்கள். அதே முதல் பாட்டு.

திடீரென்று ஓடிக்கொண்டிருந்த ஒலிப்பதிவு மாட்டிக்கொண்டது. பாட்டின் தலைப்பு வரியில் பாதி மட்டும் திரும்பத் திரும்ப, திரும்பத் திரும்ப வந்தது. கீறல் விழுந்த ரிக்கார்டு மாதிரி.

பிலேட்டசுக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. கொஞ்ச நேரம் அதற்கேற்ப ஆடிப் பார்த்தார். முடியவில்லை. மேடையை விட்டே ஓடிவிட்டார். நிகழ்ச்சி நடத்திய பெண் பின்னாலேயே ஓடிப் போய்ப் பிடித்து, தைரியம் சொல்லி, மறுபடி மேடைக்குத் தள்ளிவிட வேண்டியதாயிற்று.

குட்டு உடைந்தது என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை! கூட்டம் பாட்டுக்கு ஆடிக்கொண்டு இருந்தது. யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மேடையில் டேப் ஓடவிட்டு வாயசைப்பது அப்போது சகஜம். "ரிக்கார்டில் பாடியதே இவர்கள் இல்லை" என்று எவனுக்குத் தோன்றும்?

ஆனாலும் சிலருக்கு மூக்கு வியர்த்தது. காரணம், பேட்டி. ரிக்கார்டில் அமெரிக்க ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடாக ஓடுகிறது. நேரில் பேசினால் இரண்டு பேருக்கும் ஆங்கிலம் தட்டுத்தடுமாறுகிறது. ஒருவர் ஜெர்மன் வாடை, மற்றவர் பிரெஞ்சு வாடை.

அதே வருஷம் டிசம்பரில் சார்லஸ் ஷா பொறுக்க மாட்டாமல் நியூயார்க் நிருபர் ஒருவரிடம் "பாடியது அவர்கள் இல்லை" என்று போட்டு உடைத்தார். பிறகு சொன்னதை வாபஸ் வாங்கினார். வாபஸ் வாங்க பேரியன் அவருக்கு 1½ லட்சம் டாலர் கொடுத்ததாகச் செய்தி வெளியானது.

பரிசும் வந்தது, வினையும் வந்தது

1990 பிப்ரவரி 21. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கிராமி விருது விழா. சிறந்த புதுக் கலைஞர் விருது "மில்லி வனில்லி"க்கு! போட்டியில் இருந்தவர்கள் இண்டிகோ கேர்ள்ஸ், நேனே செர்ரி, சோல் டு சோல், டோன் லோக். எல்லோரும் சொந்தக் குரலில் பாடியவர்கள். அவர்கள் கைதட்ட, வாயசைத்தவர்கள் பரிசை வாங்கிக்கொண்டு போனார்கள்.

தலைக்கனமும் ஏறியது. பாப் டிலன், பால் மெக்கார்ட்னி எல்லோரையும்விடத் தங்களுக்குத் திறமை அதிகம், தான்தான் புது எல்விஸ் என்று பிலேட்டஸ் சொன்னதாக "டைம்" பத்திரிகை வெளியிட்டது. ஊரே சிரித்தது.

ஆனால் உள்ளுக்குள் இரண்டு பேருக்கும் அரிப்பு. அடுத்த ஆல்பத்தில் நாங்களேதான் பாடுவோம் என்று பேரியனை நெருக்கினார்கள். அவர்கள் குரல் சரிப்படாது என்பது பேரியனின் முடிவு. பேச்சு முற்றியது.

1990 நவம்பரில் பேரியன் இருவரையும் கோஷ்டியை விட்டு நீக்கினார். நிருபர்களைக் கூப்பிட்டு, "அவர்கள் பாடவே இல்லை" என்று தானே சொல்லிவிட்டார். வீட்டுக்குத் தீ வைத்தவனே தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்த கதை!

கிராமி பறிப்பு

அடுத்த சில நாளில் எல்லாம் கிடுகிடுவென்று சரிந்தது. நவம்பர் 19-ந் தேதி விருது ரத்து. கிராமி வரலாற்றில் கொடுத்த பரிசைத் திரும்பப் பிடுங்கியது அதுவே முதல் தடவை. அந்த வருஷத்துக்கு அந்தப் பரிசை வேறு யாருக்கும் கொடுக்கவும் இல்லை. அரிஸ்டா கம்பெனி ஆல்பத்தைத் தன் பட்டியலில் இருந்தே நீக்கியது.

மறுநாள் லாஸ் ஏஞ்சல்சில் ராப்பும் பேப்பும் நிருபர்கள் கூட்டம் நடத்தினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நிருபர்கள். கேள்வி மேல் கேள்வி. பரிசைத் திருப்பித் தருகிறோம், ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம் என்றார்கள். "எங்களுக்கும் பாடத் தெரியும்" என்று சொல்லி நிருபர்கள் முன்னாலேயே பாடியும் காட்டினார்கள். அதற்கும் சிரிப்புதான் பதில். கடந்த இரண்டு வருஷமும் எல்லோரிடமும் பொய் சொல்லிச் சொல்லி நரக வேதனைப்பட்டதாக பிலேட்டஸ் கூறினார்.

ஒன்று கவனிக்க வேண்டும். திட்டம் போட்டவர் பேரியன். ரிக்கார்டு விற்று லாபம் பார்த்தது கம்பெனி. கம்பெனித் தலைவர் கிளைவ் டேவிஸ், தங்களுக்கு எதுவுமே தெரியாது என்றார். தெரியும் என்று பேரியன் தரப்பு சொன்னது. இந்தப் பெரிய மனிதர்கள் யாரையும் தெருவில் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. கல்லடி பட்டது முகம் காட்டிய இரண்டு பேருக்குத்தான். திருட்டு வழக்கில் சாமானைச் சுமந்தவன் உள்ளே போவான், வாங்கிய சேட்டு வெளியே நிற்பான். அமெரிக்காவிலும் அதே கதைதான் போலிருக்கிறது.

கோர்ட்டுக்குப் போன ரசிகர்கள்

அமெரிக்க ரசிகர்கள் சும்மா விடவில்லை. நுகர்வோரை ஏமாற்றிய குற்றத்துக்காக 25-க்கும் மேற்பட்ட வழக்குகள் பல மாநிலங்களில் பாய்ந்தன. "அட்டையில் போட்டிருந்த பெயரை நம்பித்தான் காசு கொடுத்தோம். சரக்கு போலி" என்பது வாதம். கத்தரிக்காயில் சொத்தை இருந்தால் கடைக்காரனைக் கேட்கிறோமே, அதே நியாயம்தான்.

இனி வெளியிடும் ரிக்கார்டுகளுக்குத் தள்ளுபடி தருகிறோம் என்று கம்பெனி முதலில் சமாதானம் பேசியது. சிகாகோ நீதிபதி அதை ஏற்கவில்லை. 1991 ஆகஸ்டில் வேறு ஒப்பந்தம் முடிவானது. ரிக்கார்டு, கேசட், சி.டி. என்று ரகத்தைப் பொறுத்து 1 டாலர் முதல் 3 டாலர் வரை பணம் திருப்பித் தருவது. கச்சேரி டிக்கெட் வாங்கியவர்களுக்கும் ஒரு பங்கு.

3 டாலருக்காக எத்தனை பேர் பழைய ரசீதைத் தேடியிருப்பார்கள்! அதோடு, பாட்டுப் பிடித்துத்தானே வாங்கினார்கள். பாடியவர் மாறியதால் பாட்டு மாறிவிடுமா என்று கேட்டவர்களும் உண்டு.

இந்த நேரத்தில் பேரியன் என்ன செய்தார் தெரியுமா? உண்மையில் பாடியவர்களை வெளியே கொண்டுவந்து, "தி ரியல் மில்லி வனில்லி" என்று பெயர் வைத்து 1991-ல் இன்னொரு ஆல்பம் போட்டார்! பழைய வெற்றி திரும்பவில்லை.

மறுபக்கம் ராப்பும் பேப்பும் ஒரு சூயிங்கம் விளம்பரத்தில் தங்களையே கிண்டல் செய்து வாயசைத்தார்கள். 1993-ல் சொந்தக் குரலில் ஒரு ஆல்பம் வெளியிட்டார்கள். சுமார் 2 ஆயிரம் பிரதிதான் விற்றது. 60 லட்சம் எங்கே, 2 ஆயிரம் எங்கே!

ஓட்டல் அறையில் பிணம்

அவமானத்தை மோர்வன் எப்படியோ தாங்கிக்கொண்டார். பிலேட்டசால் முடியவில்லை. குடி, போதை மருந்து. 1991-ல் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார். 1996-ல் தாக்குதல், திருட முயன்றது ஆகிய குற்றங்களுக்காக கலிபோர்னியாவில் 3 மாதம் ஜெயிலில் இருந்தார். போதையை விடுவதற்காகப் பலமுறை சிகிச்சைக்குப் போய்வந்தார்.

கடைசியில் யார் கைகொடுத்தது? அதே பேரியன்! பழைய ஜோடி இரண்டு பேரும் தங்கள் சொந்தக் குரலிலேயே பாட ஒரு புது ஆல்பம் தயாரானது. பத்து வருஷமாக எதைக் கேட்டார்களோ அது கிடைத்தது.

ஆல்பம் வெளிவரவே இல்லை. 1998 ஏப்ரலில் பிராங்க்பர்ட் அருகே ஒரு ஓட்டல் அறையில் பிலேட்டஸ் இறந்து கிடந்தார். மதுவும் மாத்திரைகளும் சேர்ந்து உயிரைக் குடித்துவிட்டன. வேண்டுமென்றே செய்துகொண்டது அல்ல, தற்செயலாக நேர்ந்த மரணம் என்று முடிவானது.

மற்றவர்கள்

உண்மையில் பாடியவர்களில் ஒருவரான ஜான் டேவிஸ் ஜெர்மனியிலேயே வாழ்ந்தார். பல வருஷம் கழித்து மோர்வனும் அவரும் நண்பர்களாகி ஒரே மேடையில் சேர்ந்து பாடினார்கள். முகமும் குரலும் நேருக்கு நேர் சந்தித்தன! டேவிஸ் 2021 மே மாதம் கொரோனாவுக்குப் பலியானார். வயது 66.

பால்டிமோர் "நியூமார்க்ஸ்" பையன்களில் ஒருவரான கெவின் லைல்ஸ் பின்னாளில் "டெப் ஜாம்" என்ற பெரிய ரிக்கார்டு கம்பெனிக்குத் தலைவராகவே ஆகிவிட்டார். இந்தக் கதையில் நன்றாகப் பிழைத்தவர் அவர் ஒருவர்தான் என்று சொல்லலாம்.

2023-ல் இந்த விவகாரத்தை வைத்து ஒரு டாகுமெண்டரி படமும், ஜெர்மனியில் ஒரு சினிமாவும் வெளிவந்தன. சினிமாவுக்கு அந்த முதல் பாட்டின் பெயரையே வைத்தார்கள். படம் வந்த மறுமாதமே, 2024 ஜனவரி 23-ந் தேதி, பேரியன் காலமானார். 82 வயது. இரங்கல் செய்திகளில் "போனி எம்" பாதி, "மில்லி வனில்லி" பாதி.

மோர்வன் நெதர்லாந்தில் குடியேறி, குழந்தைகளோடு வாழ்ந்து வருகிறார். தன் கதையைப் புத்தகமாக்கி, அதைத் தானே படித்து ஒலிப்பதிவும் செய்தார். 2025 நவம்பரில் அந்த ஒலிப்புத்தகம் கிராமி விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. இந்தத் தடவை ரிக்கார்டில் கேட்பது அவருடைய சொந்தக் குரல்.

கச்சேரிகளில் ரசிகர்கள் இப்போதும் அவரிடம் கேட்பது 1988-ல் வந்த அந்த முதல் பாட்டைத்தான். அவரும் பாடுகிறார், டேப் இல்லாமல்.